503-லிருந்து 267 போனால்: தோட்டப் பள்ளிக்கு டேப்லட் வாங்கும் முன்

கேள்வி சுருக்கமாக இதுதான். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. மொத்த மாணவர்கள் எழுபதுக்குள். ஆண்டு 3-இல், அதாவது மூன்றாம் வகுப்பில், பன்னிரண்டு பேர். அதில் பாதிக்கு மேல் கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறுகிறார்கள். ஒரு நன்கொடையாளர் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு 9,000 ரிங்கிட் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் இருபது டேப்லட் வாங்கி, கணிதச் செயலி போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் தேறிவிடுவார்களா, எந்தச் செயலி நல்லது என்று சங்கப் பொருளாளர் கேட்டிருக்கிறார்.

இருபது வேண்டாம், நான்கு போதும். மிச்சத்தில் ஒரு புரொஜெக்டரும், மேசையில் வைத்ததைத் திரையில் காட்டும் கேமராவான விஷுவலைசர் ஒன்றும் வாங்குங்கள். கொஞ்சம் கையிருப்பாகவும் இருக்கட்டும். எந்தச் செயலி என்பது பிறகு. அந்தப் பிள்ளைகள் சரியாக எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் எதை வாங்கினாலும் அலமாரியில்தான் போய்ச் சேரும்.

தலைக்கு ஒரு கருவி கொடுத்துப் பார்த்த நாடுகள் உண்டு. பெரு நாட்டுக் கிராமப்புறங்களில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 பள்ளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2012-இல் வந்த அந்த ஆய்வின் முடிவு: கணினி கிடைத்த பிள்ளைகள் அதை நன்றாகவே பயன்படுத்தினார்கள், ஆனால் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. மாறாக, டெல்லியில் பள்ளி முடிந்தபின் நடந்த மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. அங்கே நாலரை மாதத்தில் கணிதத்தில் நல்ல ஏற்றம். அவர்கள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படித்த பிள்ளைகள், கூடவே சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க ஆளும் இருந்தது. ஆகவே அப்படியே நம் பள்ளிக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் வேறுபாடு எங்கே என்று தெளிவாகத் தெரிகிறது. டெல்லி மென்பொருள் பிள்ளையை முதலில் சோதித்து, அது நிற்கும் படியிலிருந்து தொடங்கியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கணக்கே வரவில்லை என்றால் நான்காம் வகுப்புக் கணக்குதான் கொடுத்தது. பெருவில் கருவி மட்டும் போய்ச் சேர்ந்தது.

இப்போது கழித்தலுக்கு வருவோம். ‘கடன் வாங்கத் தெரியவில்லை’ என்பது ஒரே நோய் இல்லை. 503 − 267 என்ற கணக்கைப் பன்னிரண்டு பேரிடமும் கொடுத்தால் விடை பெரும்பாலும் நான்கில் ஒன்றாக வரும்: 236, 364, 336, 146. முதலாவது சரி. மற்ற மூன்றும் மூன்று தனித்தனித் தவறுகள்.

364 எழுதிய பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 7-லிருந்து 3, 6-லிருந்து 0, 5-லிருந்து 2. எது மேலே, எது கீழே என்ற கவலையே இல்லை. இதற்கு 503 என்பது ஒரு முழு எண்ணாகவே படவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று இலக்கங்கள்தான்.

336 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவிலுள்ள 0-வை 9 ஆக்க வேண்டும் என்பதும் மனப்பாடம். ஆனால் அந்த 9 எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் நூறின் இடத்தில் 5-ஐ 4 ஆக்கவில்லை. 13-லிருந்து 7 போக 6, 9-லிருந்து 6 போக 3, 5-லிருந்து 2 போக 3.

146 எழுதியது 0-வைக் கண்டதும் அதைத் தாண்டி நேராக நூறிடம் போயிருக்கிறது. ஒன்றுக்காக ஒருமுறை, பத்துக்காக இன்னொரு முறை. ஆக 5 என்பது 3 ஆகிவிட்டது. நூறை உடைத்தால் நூறு ஒன்றுகள் கிடைக்கும் என்பதை விட்டுவிட்டு, பத்து ஒன்றுகள் மட்டும் எடுத்துக்கொண்டது. மிச்சம் தொண்ணூறு காணாமல் போனதை அது கவனிக்கவில்லை. உற்றுப் பாருங்கள்: சரியான விடைக்கும் 146-க்கும் வித்தியாசம் மிகச் சரியாக 90.

இந்தத் தவறுகள் பிள்ளையின் அசட்டையால் வருவதில்லை. பிள்ளை ஏதோ ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது, அந்த விதிதான் பிழை என்று 1978-லேயே பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான கழித்தல் தாள்களை அலசிக் காட்டினார்கள். தவறு ஒழுங்காக வருவதால்தான் கருவியை வைத்துப் பிடிக்க முடிகிறது. வெறுமனே ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று சிவப்பில் காட்டும் செயலி இந்த மூன்று பிள்ளைகளையும் ஒன்றாகவே நடத்தும். மூவரும் அதே தவறான விதியோடு இன்னும் நாற்பது கணக்குப் போடுவார்கள், தவறு கெட்டிப்படும்.

ஆகவே முதல் வேலை கண்டறிதல். இதற்கு ஆசிரியரின் கைப்பேசி ஒன்றும் அச்சடித்த அட்டைகளும் போதும். பிளிக்கர்ஸ் என்ற இலவசச் சேவையில் பிள்ளைக்கு ஒரு அட்டை. அட்டையில் கட்டம்கட்டமாக ஒரு கறுப்பு வடிவம். எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதற்கேற்ப ஏ, பி, சி, டி. ஆசிரியர் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெயரோடு பதிவாகிவிடும். கருவி ஒன்றுதான், இணையமும் அந்த ஒரு கைப்பேசிக்கு இருந்தால் போதும். செம்பனைக்கு நடுவில் சிக்னல் ஒரு கோடு வந்து போகும் பள்ளிகளுக்கு இது பெரிய வசதி. அட்டையில் எழுத்து மிகச் சிறியதாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பவும் முடியாது.

இதில் வழக்கமாகக் கெடுவது மூன்று. அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று பளபளப்பான உறை போட்டு லேமினேட் செய்வார்கள். ஜன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் பட்டு மின்னும், கேமரா படிக்காது. தடித்த மங்கல் தாளில் அச்சடித்து அப்படியே விடுங்கள். இரண்டாவது, பிள்ளைகள் அட்டையின் ஓரத்தை இறுகப் பிடிக்கும்போது விரல் கறுப்பு வடிவத்தை மறைக்கும். வெள்ளை விளிம்பில் பிடிக்கப் பழக்க வேண்டும். மூன்றாவது, அட்டை எண்ணும் பெயர்ப் பட்டியலும் மாறிப்போவது. வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணையே அட்டை எண்ணாக வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

ஒரே கேள்வியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். குருட்டாம்போக்கில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திருப்பினாலும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அதே அமைப்பில் இன்னும் இரண்டு வேண்டும். 402 − 158-க்குத் தெரிவுகள் 244, 356, 344, 154. 605 − 238-க்கு 367, 433, 467, 277. முன் சொன்ன அதே வரிசையில்தான் தந்திருக்கிறேன்: சரி, பெரியதிலிருந்து சிறியது, நூறைக் குறைக்காதது, பூச்சியத்தைத் தாண்டியது. வகுப்பில் கேட்கும்போது வரிசையை மாற்றிப் போடுங்கள். மூன்றில் இரண்டு முறை ஒரே வகைத் தவறு வந்தால் அதுதான் அந்தப் பிள்ளையின் விதி. மூன்றும் மூன்று விதமாக வந்தால் பிள்ளை ஊகிக்கிறது; தனியே கூப்பிட்டுத் தாளில் போடச் சொல்லிப் பாருங்கள். இவை அனைத்துக்கும் முன்னால் 52 − 27 ஒன்று. அதிலேயே 35 என்று வருகிறவரை 503 வரைக்கும் இழுக்க வேண்டாம்.

அடுத்தது குழு பிரிப்பது. இங்கேதான் திரைக்கு முன் குச்சி வருகிறது.

364 குழுவுக்குத் திரையே காட்டாதீர்கள். செம்பனை ஈர்க்கு தோட்டத்தில் தேடாமலே கிடைக்கும். பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். இரண்டு பிள்ளைக்கு ஒன்பது கட்டும் இருபது உதிரியும் என்றால் 110 குச்சி. பன்னிரண்டு பேர் வகுப்புக்கு ஆறு ஜோடி, 660 குச்சி. வெட்டும் வேலையை ஆண்டு 6 பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். நுனியைக் கத்தரித்துவிடச் சொல்லுங்கள், கண்ணில் குத்தும்.

52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு எடு என்றால் இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள்: நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. இந்த இடத்தில் நிறுத்தி, “இப்போ மொத்தம் எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். “52தான் சார், எதையும் எடுக்கலையே” என்று உடனே சொல்லும் பிள்ளை தேறிவிட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கும் பிள்ளைக்கு, அவிழ்த்தாலும் தொகை மாறாது என்பது இன்னும் பிடிபடவில்லை. அதைத் திரைக்கு அனுப்பினால் படம் நகர்வதை வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். இதை விரைவுபடுத்த எந்தச் செயலியாலும் முடியாது என்பது என் திடமான கருத்து.

336, 146 குழுக்களுக்குத்தான் திரை உண்மையில் உதவுகிறது. 503 குச்சியை மேசையில் பரப்ப முடியாது. பரப்பினாலும் நூறு உடைவது கண்ணுக்குத் தெரியாது. நம்பர் பீசஸ் என்ற இலவசச் செயலி இதற்குப் பொருத்தம். உலாவியிலேயே திறக்கும், கணக்குத் தொடங்கத் தேவையில்லை, விளம்பரம் இல்லை, படிக்க வேண்டிய சொற்களும் அதிகமில்லை. நூறுக்கு ஒரு சதுரம், பத்துக்கு ஒரு பட்டை, ஒன்றுக்கு ஒரு சிறு கட்டம். ஐந்து சதுரம், மூன்று கட்டம் வைத்துவிட்டு ஒரு சதுரத்தை உடைத்தால் பத்துப் பட்டை: இப்போது 4, 10, 3. பட்டைகளில் ஒன்றை உடைத்தால் 4, 9, 13. அந்த 9 எங்கிருந்து வந்தது, 5 ஏன் 4 ஆனது என்பது இரண்டே தட்டலில் தெரிந்துவிடுகிறது. 336 எழுதிய பிள்ளை இங்கேதான் “அட” என்று சொல்லும்.

ஆனால் தட்டுவதற்கு முன் ஊகிக்க வைக்க வேண்டும். “இதை உடைச்சா பட்டை எத்தனை ஆகும், சதுரம் எத்தனை மிஞ்சும்?” என்று கேட்டு, குழுவில் எல்லாரும் நோட்டில் எழுதிய பிறகே திரையைத் தொடும் பிள்ளை உடைக்கலாம். ஒவ்வோர் உடைப்புக்கும் நோட்டில் 503-க்கு மேலே ஒரு திருத்தம் விழ வேண்டும்: முதலில் 4, 10, 3, பிறகு 4, 9, 13. திரையில் நடப்பதும் நோட்டில் எழுதுவதும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால், திரையில் சரியாகச் செய்துவிட்டுத் தாளில் பழையபடி 336 எழுதும். இந்த இரட்டை வாழ்க்கை மிகவும் சாதாரணம். அதனால் ஒவ்வொரு பாடமும் தாளில் ஒரே ஒரு கணக்கோடு முடியட்டும். அந்தத் தாள்தான் ஆசிரியருக்குச் சாட்சி.

செயலி தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் கழிந்துவிடும். தானாகவே உடைத்துக் கொடுக்கும் செயலி வேண்டாம். உடைக்கும் முடிவைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். விடைப் பெட்டி இடமிருந்து வலமாக மட்டும் நிரம்புகிறதா என்று பாருங்கள். பிள்ளை ஒன்றின் இடத்திலிருந்து கணக்குப் போடுகிறது. பெட்டி நூறை முதலில் கேட்டால், முழு விடையையும் மனத்தில் வைத்துக்கொண்டு திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. சரியாகக் கணக்கிட்ட பிள்ளை 236-க்கு 632 என்று தட்டிவிட்டு அழும். இப்படிப்பட்ட செயலி என்றால் பக்கத்தில் தாள் கட்டாயம். மூன்றாவது, நம் பாடநூலில் பத்தாயிரத்தை 10 000 என்று இடைவெளி விட்டு எழுதுகிறோம். வெளிநாட்டுச் செயலிகளில் 10,000. பத்தாயிரம் வரை எண்கள் வரும் ஆண்டு 3 பிள்ளை அந்தக் காற்புள்ளியைத் தசமப் புள்ளி என்று நினைப்பதுண்டு. நான்காவது பணம். டாலரில் இருக்கும் 25 காசு நாணயம் நம்மிடம் இல்லை. நம்முடையது 5, 10, 20, 50 சென். ஒரு சென் 2008 முதல் கடைக் கணக்கில் கிடையாது, ஐந்தின் மடங்குக்குக் கிட்டிய மதிப்பாக்கிவிடுவார்கள். பண அலகுக்கு வெளிநாட்டுச் செயலியை விட்டுவிட்டு, உண்மைச் சில்லறையை விஷுவலைசருக்கு அடியில் வைத்துக் காட்டுங்கள். 2 ரிங்கிட் 35 சென்னுக்குப் பொருள் வாங்கி 5 ரிங்கிட் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று நாணயத்தை ஒவ்வொன்றாக வைத்து மேலே எண்ணிப் போவதை எந்த அசைபடமும் மிஞ்சாது.

பின்னத்துக்கு ஃபெட் உருவகங்களை, அதாவது திரையில் அசைத்துப் பார்க்கும் மாதிரிகளைச் சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கிய திட்டம்; இலவசம். பள்ளிக்கு இணையம் சரியில்லை என்றால் ஒவ்வோர் உருவகத்தையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கிப் பென்டிரைவில் எடுத்துப்போய் உலாவியில் திறக்கலாம். தோட்டப் பள்ளிக்கு இதைவிடத் தோதான வடிவம் இல்லை.

பயிற்சிக் கணக்குக்குச் செயலியே தேவையில்லை, எக்செல் போதும். கடன் வாங்க வேண்டிய ஈரிலக்கக் கழித்தல் மட்டும் நூறு வேண்டுமா? நான்கு நிரல் (செங்குத்து வரிசை) போடுங்கள். முதல் நிரலில் மேல் எண்ணின் பத்து: 4 முதல் 9 வரை ஏதேனும் ஒன்று. இரண்டாவதில் மேல் எண்ணின் ஒன்று: 0 முதல் 5 வரை. மூன்றாவதில் கீழ் எண்ணின் பத்து: 1 முதல், முதல் நிரலைவிட ஒன்று குறைவு வரை. நான்காவதில் கீழ் எண்ணின் ஒன்று: இரண்டாம் நிரலைவிட ஒன்று கூடுதல் முதல் 9 வரை. ரேண்ட்பிட்வீன் (RANDBETWEEN) என்ற சூத்திரத்தில் இந்த எல்லைகளைக் கொடுத்தால் வருகிற ஒவ்வொரு கணக்கிலும் கடன் வாங்கியே ஆக வேண்டும், விடையும் ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஒரே ஒரு பொறி: கோப்பில் எங்கே எதைத் தொட்டாலும் எண்கள் மாறிவிடும். கேள்வித்தாளை அச்சடித்துவிட்டு விடைத்தாளுக்குப் போனால் அது வேறு கணக்கின் விடையாக இருக்கும். ஆகவே எண்கள் வந்தவுடன் அனைத்தையும் நகலெடுத்து, ‘மதிப்புகள் மட்டும்’ என்று ஒட்டி, பிறகு அச்சடியுங்கள். ஒரு தாளுக்குப் பன்னிரண்டு கணக்குக்கு மேல் வேண்டாம்.

கல்வி அமைச்சின் டெலிமா இணையத் தளத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. கூகுள் ஃபார்ம்ஸ் அதனுடனேயே வருகிறது, தனியே பணம் கட்ட வேண்டியதில்லை. ஃபார்ம்ஸில் விடையைத் தட்டச்சு செய்யச் சொன்னால் 1236, 1 236, 1,236 மூன்றையும் சரியான விடையாகப் பதிந்து வையுங்கள். இல்லாவிட்டால் சரியாக எழுதியவனுக்குப் பூச்சியம் விழும். கடவுச்சொல் மறப்பது ஆண்டு 3-இல் அன்றாடப் பிரச்சினை. அட்டையில் எழுதி ஆசிரியர் மேசையில் வைத்திருந்து, பாடவேளை தொடங்கும்போது கொடுத்து முடியும்போது வாங்கிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். பழைய பயிற்சித் தாள்களை அப்படியே ஏற்றப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு டேப்லட்டில் புரியாத குறிகளாகத் தெரியும். மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கிவிட்டு ஏற்றுங்கள். ஆக்கிய பிறகு × குறியும் பின்னமும் உருமாறியிருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை ஓட்டுங்கள்.

கஹூட் என்ற வினாடிவினா விளையாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாருக்கும் பிடித்தது அது. வழக்கமான அமைப்பில் சரியான விடைக்கு 1,000 புள்ளி வரை. நேரம் போகப் போகக் குறைந்து, கடைசி நொடியில் சரியாகச் சொன்னால் பாதிதான். இருபது நொடிக் கேள்வியைப் பத்தாவது நொடியில் போட்டவனுக்கு ஏறத்தாழ 750. அதாவது தாளில் எழுதி நிதானமாகக் கணக்கிட்ட பிள்ளையைவிட, அவசரத்தில் தட்டி அதிர்ஷ்டம் அடித்தவன் மேலே நிற்பான். வாய்பாட்டைச் சரிபார்க்கக் கஹூட் பரவாயில்லை. அதுவும் ஏற்கெனவே தெரிந்த வாய்பாட்டை. கழித்தல், வகுத்தல், பிரச்சினைக் கணக்கு எதற்கும் வேண்டாம். விடமாட்டோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், கேள்வி நேரத்தை நான்கு நிமிடமாக்கிப் புள்ளி முறையையும் அணைத்துவிடலாம். அப்போது கூச்சல் குறையும், கணக்கு நடக்கும்.

ஆண்டு 6 அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இல் நின்றதிலிருந்து பெற்றோருக்கு ஒரு எண் வேண்டியிருக்கிறது. செயலி தரும் நட்சத்திரத்தையும் பதக்கத்தையும் அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்புசார் மதிப்பீட்டில் வரும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையும் பிள்ளை எந்தத் தவறைச் செய்கிறது என்று சொல்லாது. ஆசிரியர் கையில் வேறொரு எளிய பட்டியல் இருக்கட்டும்: பன்னிரண்டு பெயர், பக்கத்தில் தவறின் வகை, தேதி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே மூன்று கேள்வியை எண் மாற்றிக் கேட்டு எந்தப் பெயர் எந்த வகையிலிருந்து வெளியேறியது என்று குறித்தால், குறைநீக்கல் யாருக்கு வேண்டும் என்பதில் விவாதமே வராது.

நான்கு டேப்லட் எதற்கு என்று கேட்கலாம். சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பில் சேர்த்து நடத்த வேண்டி வரும். அப்போதுதான் அவை பயன் தருகின்றன. ஒரு மணி நேரப் பாடவேளையில் முதல் பத்து நிமிடம் அட்டைக் கேள்வி. அடுத்த நாற்பது நிமிடத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு குழு ஆசிரியரோடு குச்சியிலும் திரையிலும், மற்றது டேப்லட்டில் ஜோடியாக. டேப்லட்டுக்கு இருவர் என்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் தட்ட வேண்டும் என்று விதி வைத்தால் பிள்ளைகள் கணக்கை வாயால் சொல்லப் பழகுகிறார்கள். கடைசிப் பத்து நிமிடம் தாளில் ஒரு கணக்கு. தனித்தனியே டேப்லட் கொடுத்த வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் எவன் ஊகிக்கிறான், எவன் கணக்கிடுகிறான் என்று ஆசிரியருக்குக் கேட்காது.

டேப்லட்டில் விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டால் இலவசச் செயலிகளின் விளம்பரம் பெரும்பாலும் வராது. ஆண்ட்ராய்டில் ஒரே செயலியில் திரையைப் பொருத்திப் பூட்டும் வசதி பாதுகாப்பு அமைப்பில் இருக்கிறது. அதைப் போடாவிட்டால் ஐந்தாவது நிமிடம் கேமராவுக்குப் போய்விடுவார்கள். எந்தச் செயலியிலும் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி வேண்டாம். ‘3-07’ போல வகுப்பும் வரிசை எண்ணும் போதும்.

வீட்டுப்பாடத்தைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் காணொளியாக அனுப்புவது நல்லதுதான், ஆனால் பகலில் அனுப்பிப் பயனில்லை. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி அப்பாவோடு வேலைக்காட்டுக்குப் போயிருக்கும். இரவு எட்டுக்கு, இரண்டு நிமிடத்துக்கு மிகாமல், விஷுவலைசரில் கையும் நோட்டும் மட்டும் தெரிகிற காணொளி. முகம் தெரிய வேண்டாம், பின்னணி இசை வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது. 9,000 ரிங்கிட்டுக்கு இருபது என்றால் ஒன்று 450. அந்த விலையில் கிடைப்பவற்றில் பல 2 அல்லது 3 ஜிபி நினைவகத்தோடு வரும். உலாவியில் உருவகம் திறந்தாலே திணறும், ஓராண்டில் பேட்டரி இறங்கும். நான்கு வாங்குங்கள், ஒன்று 800 என்று வைத்து 3,200. குறைந்தது 4 ஜிபி, 10 அங்குலத் திரை. புரொஜெக்டருக்கு 2,200. முந்நூறு ரிங்கிட் குட்டிப் புரொஜெக்டரின் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். வெளிச்ச அளவை ஆன்சி லூமென் என்று குறிப்பிட்டு 3,000-க்கு மேல் இருந்தால்தான் ஜன்னல் திறந்த வகுப்பில் பகலில் தெரியும். விஷுவலைசர் 350. மின்னெழுச்சித் தடுப்பு உள்ள நீட்டிப்பு வயரும் கூடுதல் சார்ஜ் கேபிளும் 300, தடித்த உறைகள் 200. ஆக 6,250, கடைக்குக் கடை கொஞ்சம் ஏறி இறங்கும். மிச்சம் 2,750-ஐ இந்த ஆண்டு தொடாதீர்கள். முதலில் கெடுவது சார்ஜ் துளை, அடுத்தது திரை.

டேப்லட்டைப் புரொஜெக்டரோடு நேரடியாக இணைக்கலாம் என்று கடையில் சொன்னால், உங்கள் கண்ணெதிரே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். மலிவு டேப்லட்டுகளில் பெரும்பாலானவற்றின் துளை வழியே படம் வெளிவராது, அடாப்டர் போட்டாலும் வராது. வராவிட்டால் பரவாயில்லை: டேப்லட்டை விஷுவலைசருக்கு அடியில் வைத்தால் பிள்ளையின் விரலும் சேர்ந்தே தெரியும், அது இன்னும் நல்லது. பிரதிபலிப்பு விழுந்தால் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

நம் பக்கம் பிற்பகல் இடிமின்னலைச் சொல்லத் தேவையில்லை. பள்ளி விட்டதும் எல்லாப் பிளக்கையும் பிடுங்குவது காவலாளியின் வேலைப்பட்டியலில் இருக்கட்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் டேப்லட்டை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்காமல், பாதி அளவில் அணைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். முழுச் சார்ஜில் வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் பேட்டரி கெடும், ஒன்றுமே இல்லாமல் கிடந்தாலும் கெடும்.

ஆண்டுச் சந்தாவோடு மென்பொருள் தொகுப்பு விற்க யாராவது பள்ளிக்கு வந்தால், மேலே சொன்ன 503 − 267-ஐ அவர்கள் முன்னாலேயே போட்டு 336 என்று தட்டுங்கள். அடுத்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். நூறு குறையவில்லை என்பதைக் காட்டினாலோ, உடைத்துப் பார்க்கச் சொன்னாலோ மேற்கொண்டு பேசலாம். வெறும் சிவப்புக் குறியும் சோகமான கரடிப் படமும் வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாகப் பொருளாளருக்கு. ரசீது சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்; ஆனால் பொருள் பள்ளிக்குப் போகும் அன்றே தலைமையாசிரியரிடம் நன்கொடைக் கடிதம் கொடுத்து, ஒவ்வொரு கருவியின் தொடர் எண்ணையும் பள்ளிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையைப் படமெடுத்துச் சங்கக் கோப்பிலும் வையுங்கள். பதிவில் இல்லாத டேப்லட் திருடு போனால் புகார் கொடுப்பதும் சிரமம், பழுதானால் பள்ளிப் பணத்தில் பழுதுபார்ப்பதும் சிரமம்.